லினக்ஸ் கர்னல்ல பஸ் சப்போர்ட்டை (சிப்பும் கார்டும் ப்ராசஸரோட பேசுற பாதை) எடுத்துட்டு முழிச்சவங்க இங்க வாங்க

கொசுவலை:
ரெண்டு வருஷம் ஆச்சு, இன்னும் மெனுகான்ஃபிக் (கர்னல்ல எது வேணும், எது வேண்டாம்னு டிக் அடிக்கிற மெனு) திறந்தா அந்த ராத்திரிதான் ஞாபகம் வருது. ராஸ்பெரி பை 4-னு கையடக்கக் கம்ப்யூட்டர் போர்டு. கர்னலை இளைக்க வைக்கணும்னு ஒரு வெறி. டிவைஸ் டிரைவர்ஸ் உள்ள போனதும் பிசிஐ (கார்டு சொருகுற பஸ்) சப்போர்ட்னு ஒண்ணு நின்னுச்சு. பை-ல ஏதுடா பிசிஐ ஸ்லாட்டுன்னு தூக்கிட்டேன்.

பூட் ஆச்சு. அதான் கொடுமை. கர்னல் செத்து விழுற பேனிக் இல்லை, ஒண்ணும் இல்லை, லாகின் கேட்டு கர்சர் கண் சிமிட்டுது. பேரை அடிக்கிறேன், ஒரு எழுத்து விழலை. கேப்ஸ் லாக்கைத் தட்டுறேன், விளக்கு எரியலை. நாலு போர்ட்லயும் மாத்தி மாத்திச் சொருகிப் பார்த்தேன். பக்கத்து ரூம் பையனை எழுப்பி அவன் கீபோர்டையும் வாங்கிட்டு வந்தேன். அவன் தூக்கக் கலக்கத்துல "ஃபேன் ஓடுதா பாருங்கண்ணா"ன்னான். ஃபேனே கிடையாது அதுல.

அந்த நாலு யூஎஸ்பி போர்ட்டும் விஎல்805-னு ஒரு சிப்புல தொங்குது. அந்தச் சிப்பு ப்ராசஸரோட பேசுறது பிசிஐ எக்ஸ்பிரஸ் வழியா. ஸ்லாட்டு வெளிய தெரியலைன்னா பஸ்ஸே இல்லைன்னு நினைச்சது என் தப்பு. பை 3-ல யூஎஸ்பி நேரா ப்ராசஸர்ல இருந்தே வரும், அந்தப் பழக்கத்துல ஏமாந்துட்டேன்.

ரூட்_எங்கே:
உங்களுக்காவது லாகின் வந்துச்சு. எனக்கு லேப்டாப். நான் எதையும் மாத்தவே இல்லை, அதான் இன்னும் ஆறலை. எட்டு மாசமா ஓடுன அதே கர்னல். மதர்போர்டு போய், சர்வீஸ்ல புதுசு போட்டுக் கொடுத்தாங்க. வீட்டுக்கு வந்து ஆன் பண்ணா, ரூட்டை (சிஸ்டம் இருக்கிற பார்ட்டிஷனை) மவுண்ட் பண்ண முடியலை, அன்னோன் பிளாக் (0,0). அதுக்கு மேல ஒரு வரி, இருக்கிற பார்ட்டிஷன் எல்லாம் இதோன்னு சொல்லும் பாருங்க, அந்த வரி. அதுக்குக் கீழ லிஸ்ட் வரணும். காலி. பந்தி போட்டு இலையையும் விரிச்சுட்டுச் சோறு போடாம போன மாதிரி.

எஸ்எஸ்டியையும் கழட்டிட்டாங்கன்னு நினைச்சு சர்வீஸ்காரரோட போன்ல சண்டையே போட்டுட்டேன். கடைசில பார்த்தா புது போர்டோட பயாஸ்ல விஎம்டி-னு இன்டெல்லோட ஒரு வசதி ஆன்ல இருந்துச்சு. அது ஆன்ல இருந்தா என்விஎம்இ டிஸ்க் (என் எஸ்எஸ்டி அந்த வகை) நேரா பிசிஐ பஸ்ல தெரியாது, விஎம்டி கன்ட்ரோலருக்குப் பின்னாடி தனி டொமைன்ல ஒளிஞ்சுக்கும். எல்எஸ்பிசிஐ (பிசிஐ-ல இருக்கிறதை எல்லாம் பட்டியல் போடுற கமாண்டு) போட்டா 10000-னு ஆரம்பிக்கிற முகவரியா வரும். பழைய போர்டுல விஎம்டி ஆஃப், நான் கர்னலைக் கட்டினதோ லோக்கல்மாட்கான்ஃபிக் வெச்சு. அன்னிக்கு லோடு ஆகாத டிரைவரை அது வெட்டிடும், விஎம்டி டிரைவரும் அதுல போச்சு. அந்தச் சர்வீஸ்காரர்கிட்ட இன்னும் மன்னிப்புக் கேக்கலை.

பம்ப்செட்:
தம்பிகளா, நீங்க சொல்றதெல்லாம் புது வியாதி. கோயமுத்தூர்ல ஒரு மோட்டார் பம்ப் பட்டறை, டெஸ்ட் பெஞ்சுல ஐஎஸ்ஏ (பிசிஐ-க்கு முந்தின பழைய பஸ்) கார்டு ஒண்ணு, அதுக்குன்னே ஐஎஸ்ஏ ஸ்லாட் வெச்ச இண்டஸ்ட்ரியல் போர்டு. 64 பிட்டுக்கு மாத்தித் தர்றேன்னு நான்தான் வாயைக் கொடுத்தேன். மெனுல ஐஎஸ்ஏ சப்போர்ட்டைத் தேடுறேன், இல்லவே இல்லை. ஸ்லாஷ் தட்டித் தேடினா, எக்ஸ்86_32 (32 பிட் கர்னல்) இருந்தாத்தான்னு ஒரு வரி. 64 பிட் எடுத்தா அந்த ஆப்ஷனே மறைஞ்சிடும்.

முதலாளி டீ கிளாஸோட பின்னாடி வந்து நின்னாரு. "ஏனுங் தம்பி, கார்டு உள்ளதான இருக்குது. என் கண்ணுக்கே தெரியுது. கம்ப்யூட்டருக்கு மட்டும் எப்படித் தெரியாமப் போகும்?" பதில் என்கிட்ட இருந்துச்சு. பிசிஐ கார்டு நான் இன்னார்னு தானாச் சொல்லும், இந்த மாதிரிப் பழைய ஐஎஸ்ஏ கார்டு சொல்லாது, நாமதான் ஜம்பரை (கார்டு மேல சொருகுற சின்னத் துண்டு) வெச்சு முகவரி, ஐஆர்க்யூ (கார்டு ப்ராசஸரைக் கூப்பிடுற இன்டரப்டு நம்பர்) எல்லாம் சொல்லணும்னு. ஆனா அந்த நேரத்துல வாய் வரலை. அன்னிக்கே 32 பிட்டுக்குத் திரும்பிட்டேன்.

வெண்டைக்காய்:
@பம்ப்செட் அண்ணா, 32-க்குத் திரும்பினது அவசரம். ஐஎஸ்ஏ ஆப்ஷன் இல்லைன்னாலும் ஐஓபெர்ம்ங்கிற சிஸ்டம் கால் வெச்சு யூசர் ஸ்பேஸ்ல (சாதாரண புரோகிராம்ல) இருந்தே கார்டோட போர்ட்டைப் படிக்கலாம். பின்னாடி வந்த கர்னல்ல எக்ஸ்பர்ட் மோடு போட்டா, புது மெஷினுக்கான ஐஎஸ்ஏ பஸ்ஸுன்னு தனி ஆப்ஷனே 64 பிட்டுக்கும் இருக்கு.

என் கதை சின்னது. ஐ2சி-னு இன்னொரு பஸ் பக்கம் கை வெச்சேன், டச்பேட் செத்துது. இப்போதைய டச்பேட் நிறைய ஐ2சி-லதான் உக்காந்திருக்குன்னு அன்னிக்குத்தான் தெரியும். விடுங்க.

யாரும் கேக்கலை, இருந்தாலும் சொல்றேன். வெறுங்கையா மெனுவுல இறங்காதீங்க. டிஸ்ட்ரோ (உபுண்டு, டெபியன் மாதிரி) கொடுத்த கான்ஃபிக்கை பூட் டைரக்டரில இருந்து காப்பி பண்ணி ஓல்ட்டெஃப்கான்ஃபிக் (புது ஆப்ஷனுக்கெல்லாம் டீஃபால்ட் பதிலைப் போட்டுடும்) ஓட்டிட்டு ஆரம்பிங்க. லோக்கல்மாட்கான்ஃபிக் போடுறவங்க அதுக்கு முன்னாடி வீட்டுல இருக்கிற பிரிண்டர், பென்டிரைவ், போன், எல்லாத்தையும் ஒருதடவை சொருகிடுங்க, என்விஎம்இ ஆளு மாட்டினதும் லோக்கல்மாட்கான்ஃபிக்லதான். எதையும் எடுக்கறதுக்கு முன்னாடி எல்எஸ்பிசிஐ-ல '-tv' போட்டு மரத்தைப் பாருங்க, எந்தக் கிளைல எது தொங்குதுன்னு தெரியும். இனிட்ராம்எஃப்எஸ் (டிஸ்க்குக்கு முன்னாடி ராம்ல ஏறுற சின்ன ஃபைல் சிஸ்டம்) இல்லாம பூட் பண்ணா, ரூட் டிஸ்க் வரைக்கும் இருக்கிற ஒவ்வொரு கண்ணியும் 'ஒய்'யா (கர்னலுக்குள்ளேயே) இருக்கணும், 'எம்' (தனி மாட்யூல்) வேலைக்காகாது. மாட்யூலே அந்த டிஸ்க்லதான இருக்கு, பெட்டிச் சாவியைப் பெட்டிக்குள்ள வெச்சுப் பூட்டின மாதிரி. அப்புறம் 2019-ல 5.0 வந்தப்போ பிசிஐ ஆப்ஷன் பஸ் மெனுவுல இருந்து டிவைஸ் டிரைவர்ஸுக்கு இடம் மாறிடுச்சு, பழைய குறிப்பைப் பார்த்துட்டு காணோம் காணோம்னு அலையாதீங்க. பழைய கர்னலை க்ரப்ல (பூட் மெனுல) இருந்து அழிக்காதீங்க. இதை எத்தனை தடவைதான் சொல்றது.

மூணாம்_ஷிஃப்ட்:
மேல இவ்ளோ அட்வைஸா. என் கேஸ் வேற, நான் எதையும் எடுக்கலை, ஏஇஆர்-ஐ (பிசிஐ எக்ஸ்பிரஸ் எரரை லாக்ல எழுதுற வசதி) ஆன்ல விட்டேன். காலைல வந்தா டிஸ்க் ஃபுல். லாக்ல ஒரே வரி, "பிசிஐஇ பஸ் எரர், சிவியாரிட்டி கரெக்டட்", லட்சக்கணக்குல. எரரை எல்லாம் சரி பண்ணிட்டேன், சரி பண்ணிட்டேன்னு எழுதியே மெஷினைச் சாகடிச்சிடுச்சு. பூட் லைன்ல பிசிஐ நோஏஇஆர்னு போட்டதும் வாயை மூடுச்சு. வைஃபை கார்டு இன்னும் அதே எரரை அடிச்சிட்டுதான் இருக்கும், எனக்குத் தெரியறதில்லை.

பம்ப்செட்:
@வெண்டைக்காய் தம்பி, ஐஓபெர்ம் தெரியாமலா இருக்கேன். போர்ட்டைப் படிக்கலாம், இன்டரப்டை யாரு வாங்குவா? பம்ப் ஒரு சுத்து சுத்தினா கார்டு ஒரு இன்டரப்டு போடும், அதை எண்ணித்தான் ஆர்பிஎம். நீ சொல்ற புது ஆப்ஷன் அப்போ வரலை.

வெண்டைக்காய்:
ஐஆர்க்யூ எத்தனைண்ணா? 5-ஆ? அது சவுண்ட் கார்டோட மோதாதா?

பம்ப்செட்:
5-தான். டெஸ்ட் பெஞ்சுக்கு எதுக்குப்பா சவுண்ட் கார்டு, பம்ப் போடுற சத்தம் பத்தாதா. அந்த ஜம்பரை யாரும் தொடக்கூடாதுன்னு மேல முதலாளி வீட்டு நெயில் பாலிஷை ஒரு சொட்டு வெச்சேன். போன பொங்கலுக்குப் போனப்பவும் சிவப்பா அப்படியே இருந்துச்சு.