மறு: ஹைலி காம்போசிட் நம்பர் – தமிழில் எப்படிச் சொல்வது?

வணக்கம்.

> 'உயர் பகு எண்' என்றே வைத்துக்கொள்ளலாமே ஐயா. பார்த்தவுடன் புரிகிறது.

புரிவதுபோல் இருக்கிறது அம்மா, அங்கேதான் எனக்குத் தயக்கம். 7200-க்கு 54 காரணிகள். ஏராளம்தான். ஆனாலும் அது இந்த வகையில் சேராது, ஏனென்றால் அதைவிடச் சிறிய 5040-க்கே 60 காரணிகள் இருக்கின்றன. தனக்குக் கீழே உள்ள ஒவ்வோர் எண்ணையும் காரணிகளின் எண்ணிக்கையில் விஞ்ச வேண்டும், அதுதான் வரையறை. 'உயர்' என்ற சொல்லில் அந்தப் போட்டி தெரியவில்லை. என் பரிந்துரை: விஞ்சுபகு எண்.

ஓர் எண்ணை வைத்துப் பார்ப்போம். இராமானுஜன் 1915-இல் லண்டன் கணிதக் கழகத்தின் இதழில் வெளியிட்ட கட்டுரையில் இத்தகைய 102 எண்களைப் பட்டியலிட்டிருக்கிறார். கையால் போட்ட கணக்கு. அதில் ஒன்றே ஒன்று விடுபட்டுப் போயிற்று: 293318625600. அதாவது 29,331 கோடியே 86 லட்சத்து 25 ஆயிரத்து 600. பகாக் காரணிகளாகப் பிரித்தால்,

2⁶ × 3⁴ × 5² × 7² × 11 × 13 × 17 × 19

ஒவ்வோர் அடுக்கோடும் ஒன்று கூட்டிப் பெருக்குங்கள்: 7 × 5 × 3 × 3 × 2 × 2 × 2 × 2 = 5040. காரணிகளின் எண்ணிக்கையே இன்னொரு விஞ்சுபகு எண்! அடுக்குகள் போகப்போக ஏறுவதே இல்லை. நடுவில் எந்தப் பகா எண்ணும் விட்டுப்போகவும் இல்லை. 19-ஐ எடுத்துவிட்டு 23-ஐப் போட்டுப் பாருங்கள். காரணிகள் அதே 5040, எண் மட்டும் பெருத்துவிடும். பெருத்தது சிறியதை விஞ்ச முடியாமல் வெளியே போய்விடும்.

இன்னொன்று. அந்தப் பட்டியலின் கடைசி எண் 6746328388800. அதை 23-ஆல் வகுத்தால் விடுபட்ட இதே எண் வந்து நிற்கிறது. காகிதத்தில் இதைப் போட்டுப் பார்த்த இரவு எனக்கு வெகுநேரம் தூக்கம் வரவில்லை.

> 'மிகுபகு எண்' இன்னும் சுருக்கமாக இருக்கிறதே?

அழகான சொல்தான். ஆனால் பள்ளிப் பாடத்தில் 'மிகை முழுக்கள்' என்று நேர்க்குறி எண்களைச் சொல்லிப் பழகிய பிள்ளைகளுக்கு மிகு, மிகை இரண்டும் குழம்பும். 'விஞ்சு' கணக்கில் வேறெதற்கும் நான் கேட்டதில்லை.

'விஞ்சுப்பகு' என்று ஒற்றுப் போட்டு எழுத வேண்டாம். 'பகு எண்' போலவே இதுவும் வினைத்தொகை, வல்லினம் மிகாது.

'உயர்' என்ற அடையைத் தூக்கி எறியச் சொல்லவில்லை. அதே கட்டுரையில் இராமானுஜன் சுப்பீரியர் ஹைலி காம்போசிட் என்று இன்னும் கடுமையான ஓர் உள்வகையையும் தருகிறார். அதற்கு 'உயர்' தேவைப்படும். அப்போது வாக்கியம் இப்படி அமையும்: 5040 உயர் விஞ்சுபகு எண், 293318625600 விஞ்சுபகு எண், ஆனால் உயர் விஞ்சுபகு எண் அன்று.

இதைவிடப் பொருந்தும் சொல் யாருக்காவது தோன்றினால் இதே இழையில் எழுதுங்கள்.