வினிபெக் பேஸ்மென்ட்டும் மேல்வீட்டு பிலிப்பினோ அடுப்பும்: புதிதாக வருபவர்களுக்கு

கனடாவின் மானிட்டோபா மாகாணத்து வினிபெக்கில் வீடு தேடும் நம் ஆட்கள் ஒரே கேள்வியை மாற்றி மாற்றிக் கேட்கிறார்கள்: "வீட்டுக்காரர் பிலிப்பினோ குடும்பம். பேஸ்மென்ட் நமக்கு, அடுப்படி பொது. ஒத்துவருமா?" ஒவ்வொருவருக்கும் தனியாகப் பதில் போடுவதைவிட மொத்தமாக இங்கே எழுதிவிடுகிறேன்.

ஒத்துவரும். அந்த வீட்டில் தினமும் சோறு வேகும், கீரை வேகும், கருவாடு பொரியும், தேங்காய்ப்பால் கொதிக்கும். இதில் நமக்குப் புதிது எதுவும் இல்லை. "அவர்கள் பாட்டுக்கு அவர்கள், நம் பாட்டுக்கு நாம்" என்று ஒதுங்கிவிட்டால்தான் நஷ்டம். அவர்கள் சாமான் வாங்கும் கடையும், அன்றாடம் சமைக்கும் நாலைந்து பண்டங்களும் பழகிவிட்டால், மைனஸ் முப்பதில் பஸ் மாறி இந்தியக் கடைக்கு அலைகிற வேலை பாதி குறையும்.

இந்த ஊரில் அவர்கள் நேற்று வந்தவர்களும் இல்லை. 1960களின் இறுதியிலேயே தையல் ஆலை வேலைக்கென்று வந்து இறங்கியவர்கள் உண்டு. 1998ல் மானிட்டோபா மாகாண நியமனத் திட்டம், அதாவது குடியேற வருபவர்களை மாகாணமே தேர்ந்தெடுத்துப் பரிந்துரைக்கும் வழி, தொடங்கிய பிறகு அண்ணன் தம்பி, சித்தி பெரியம்மா என்று குடும்பம் குடும்பமாக வந்து சேர்ந்தார்கள். அதனால் சீஃபுட் சிட்டி மாதிரி பெரிய கடையும் உண்டு, தெருமுனைச் சின்னக் கடைகளும் உண்டு.

முதலில் கடை. காய்கறி வரிசையில் அம்பலாயா என்று எழுதியிருந்தால் பாகற்காய், உப்போ என்றால் சுரைக்காய், பத்தோலா பீர்க்கங்காய், சித்தாவ் நீளக் காராமணி, கபி சேப்பங்கிழங்கு. காங்கொங் என்பது வள்ளைக்கீரை. இலங்கையிலிருந்து வந்தவர்களுக்குக் கங்குன் என்றால் புரியும். உறைய வைத்த பெட்டிப் பக்கம்தான் உண்மையான புதையல். மலுங்கை என்று போட்ட பொட்டலம் முருங்கைக்கீரை. ஆய்ந்தே வரும், அப்படியே பருப்பில் போடலாம். வாழையிலை கட்டாக இருக்கும். சாபா என்ற வாழைக்காய் நம் மொந்தன் வகையைச் சேர்ந்தது. ஊபே என்பது ராசவள்ளிக்கிழங்கு. துருவி உறைய வைத்தே விற்கிறார்கள். அதை வேகவைத்துத் தேங்காய்ப்பாலும் சர்க்கரையும் சேர்த்துக் கஞ்சியாகக் காய்ச்சினால் யாழ்ப்பாணத்து வீடு ஞாபகத்துக்கு வரும்.

தேங்காயில் மட்டும் கவனம். சட்னிக்கும் பொரியலுக்கும் வேண்டியது நியோக், அதாவது முற்றிய தேங்காய்த் துருவல். புக்கோ என்றால் இளநீர் வழுக்கை. மக்காபுனோ என்று பாட்டிலில் இருப்பது சர்க்கரைப் பாகில் ஊறியது. அதைப் போட்டுத் துவையல் அரைத்தால் குப்பையில்தான் கொட்ட வேண்டும்.

கருவாட்டு வரிசையைப் பார்த்தாலே பசிக்கும். தூயோ என்பது உப்பிட்ட சாளை வகைக் கருவாடு, தீலிஸ் என்பது நெத்திலி. மீன் பக்கம் பங்குஸ் என்கிற பால்கெண்டை முள் எடுத்தும் கிடைக்கும். நிறைய முள் உள்ள மீன் அது, குழந்தைகள் இருந்தால் முள் எடுத்ததையே வாங்குங்கள். சில கடைகளில் மீனை வெட்டிக் கழுவித் தருவதோடு, கேட்டால் பொரித்தும் கொடுப்பார்கள். பேஸ்மென்ட்டில் இருப்பவர்களுக்கு இது எவ்வளவு பெரிய உதவி என்று முதல் பனிக்காலத்தில் புரியும்.

இனி சமையல். ஒன்றே ஒன்று கற்றுக்கொள்வதானால் சினிகாங் கற்றுக்கொள்ளுங்கள். தாளிப்பு இல்லாத, மிளகாய்த்தூள் இல்லாத புளிக்குழம்பு அது. அங்கே அதிகம் போடுவது சாம்பலோக், அதாவது பிஞ்சுப் புளியங்காய். மாங்காய், கொய்யா, பிலிம்பிக்காய் போட்டும் வைப்பார்கள். வெளிநாட்டில் எல்லாரும் பாக்கெட் பொடிதான். பழுத்த புளியைக் கரைத்து ஊற்றினால் நிறம் கறுக்கும், ருசியும் வேறு மாதிரி போகும். இதற்கு மட்டும் பொடியே மேல்.

செய்முறை இதுதான். அரிசி களைந்த இரண்டாவது தண்ணீரைக் கொட்டாமல் எடுத்துவைத்து அதில் வெங்காயமும் தக்காளியும் போட்டுக் கொதிக்க விடுங்கள். இறைச்சி போடுவதானால் இப்போதே போட்டு மெத்தென்று வேகவிட வேண்டும். பிறகு முள்ளங்கி. அது பாதி வெந்ததும் கத்தரிக்காய், காராமணி, வெண்டைக்காய். மீனோ இறாலோ என்றால் காய்களுக்குப் பிறகு. புளிப்புப் பொடியைக் கடைசியில் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்து ருசி பார்க்க வேண்டும், மொத்தப் பாக்கெட்டையும் கவிழ்க்கக் கூடாது. நீளப் பச்சைமிளகாய் இரண்டை முழுசாகப் போட்டு, மீன் சாறான பாதிஸ் அல்லது உப்புப் போட்டு, காங்கொங் கீரையைத் தூவி அடுப்பை அணைத்துவிட்டால் முடிந்தது. வேலையிலிருந்து விறைத்துப்போய் வந்து, சுடுசோற்றில் இதை ஊற்றிச் சாப்பிட்டுப் பாருங்கள். தாளிப்பு இல்லாததால் வீட்டில் நெடியும் இல்லை.

அடுத்தது அடோபோ. ஒரு கிலோ கோழிக்கால் துண்டு, அரைக் கப் வினிகர், அதைவிடக் கொஞ்சம் குறைவாக சோயா சாஸ், ஒரு முழுப் பூண்டு நசுக்கியது, கால் கரண்டி முழு மிளகு, மூன்று லாரல் இலை. லாரல் இலையும் நம் பிரிஞ்சி இலையும் ஒன்றல்ல. பிரிஞ்சியில் பட்டை வாசம் இருக்கும், அதைப் போட்டால் பிரியாணிப் பக்கம் போய்விடும். வினிகர் ஊற்றியபின் ஒரு கொதி வரும்வரை கரண்டி போடக் கூடாது என்பது அவர்கள் வீட்டுச் சட்டம். பச்சை வினிகர் வாடை அப்போதுதான் போகுமாம். மூடாமல் வற்றவிட வேண்டும். வினிகரும் உப்பும் இருப்பதால் கெட்டுப்போகாமல் தாங்கும், மறுநாள் ருசி கூடும். அதனால்தான் ஷிஃப்ட் வேலைக்குப் போகிறவர்கள் ஞாயிற்றுக்கிழமை பெரிய சட்டியில் வைத்துவிடுகிறார்கள். ஆனாலும் இங்கே ஃபிரிட்ஜில் வையுங்கள், பழங்காலத்துப் பெருமையை வயிற்றில் பரிசோதிக்க வேண்டாம். சோயா சாஸ் பிடிக்காதவர்களுக்கு பத்தாங்காஸ் பக்கத்து மஞ்சள் அடோபோ இருக்கிறது. சோயாவுக்குப் பதில் மஞ்சள் போடுவார்கள், நம் நாக்குக்கு இன்னும் பக்கம்.

மூன்றாவது மொங்கோ. முழுப் பாசிப்பயறைக் குழைய வேகவைத்து, பூண்டு, வெங்காயம், தக்காளி வதக்கிக் கொட்டி, முருங்கைக்கீரையோ பாகல் இலையோ போட்டு இறக்குவது. கத்தோலிக்க வீடுகளில் வெள்ளிக்கிழமை, அதுவும் தவக்காலத்தில், இது நிச்சயம். இறைச்சி தவிர்க்கும் நாள் என்றாலும் மீன் உண்டு. புகையில் வாட்டிய தினாபா மீனை உதிர்த்துப் போட்டிருப்பார்கள். சைவர்களே, கவனியுங்கள்.

பூசணியும் காராமணியும் தேங்காய்ப்பாலில் வேகவைப்பது, பினக்பெட் என்ற காய்கறிக் கூட்டு, இஞ்சியும் பப்பாளிக்காயும் போட்ட கோழி தினோலா எல்லாம் பார்த்தே கற்றுக்கொள்ளக் கூடியவை. லாயிங் மட்டும் கொஞ்சம் கைப்பழக்கம் வேண்டும். காய்ந்த சேப்பங்கீரையைத் தேங்காய்ப்பாலில் போட்டால் நன்றாக வேகும்வரை கிளறக் கூடாது, இல்லாவிட்டால் தொண்டை அரிக்கும் என்பார்கள். மிளகாய் தாராளமாகப் போடும் பிக்கோல் பக்கத்துப் பண்டம் அது. மற்றபடி அவர்கள் சமையலில் காரம் கம்மி. இதை மனதில் வைத்து நீங்கள் கொடுப்பதையும் முடிவு செய்யுங்கள். மிளகாயைக் குறைத்த தேங்காய்ப்பால் கோழிக் குழம்பு, மெதுவடை, வாழைப்பழமோ பலாப்பழமோ போட்ட பாயசம் எல்லாம் போன வேகத்தில் பாத்திரம் காலியாகித் திரும்பும். வத்தக்குழம்பைக் கொடுத்து அவர்கள் மரியாதைக்குச் சிரிப்பதைப் பார்க்காதீர்கள்.

சைவமாக இருப்பதாகச் சொன்ன தங்கைக்கும், பன்றி, மாடு சாப்பிடாதவர்களுக்கும்: வீடு பிடிக்கும்போதே சொல்லிவிடுங்கள். சங்கடமே வேண்டாம், அவர்கள் தப்பாக எடுத்துக்கொள்வதில்லை. ஆனால் "காய்கறிதான்" என்று கொடுப்பதில் பகூங் என்ற இறால் அல்லது மீன் விழுது இருக்கலாம். பினக்பெட்டின் உயிரே அதுதான். பான்சித் நூடுல்ஸில் சிப்பி சாஸ், லும்பியா என்ற பொரித்த சுருளில் பன்றிக் கொத்து, பயறில் பன்றித் தோல் வறுவல் வரக்கூடும். ருசிக்குப் போடும் சூப் கட்டிகளும் பன்றி, மாடு, கோழி, இறால் என்று பல வகை, உறையைப் படித்து வாங்குங்கள். உங்களுக்கென்று ஒரு வாணலி, ஒரு கரண்டி, ஒரு வெட்டுப்பலகை தனியாக வாங்கி, அடையாளம் போட்டு, அலமாரியில் வேறு தட்டில் வைத்துவிட்டால் தீர்ந்தது. உப்பு போட்டு, பாதிஸ் தவிர்த்து நீங்களே வைத்தால் மொங்கோவும் பூசணித் தேங்காய்ப்பாலும் சுத்த சைவம்தான்.

நெடி பற்றிக் கேட்ட தம்பிக்கு: அவர்கள் தூயோ பொரிக்கும்போதும் நாம் மிளகாய் தாளிக்கும்போதும் அலறுவது அதே புகை அலாரம்தான். அதனால் இதில் அவர்களுக்கு நம்மைவிட அனுபவம் அதிகம். ஊரில் அவர்கள் வீட்டுப் பின்புறம் பொரியல், வறுவலுக்கென்று தனி அடுப்படி வைத்திருப்பார்கள். இங்கே கராஜில் ஒரு மின்னடுப்பை வைத்து அதே வேலையை நடத்துகிற வீடுகள் உண்டு. நீங்களும் கேட்டுச் சேர்ந்துகொள்ளலாம். ஆனால் மூடிய கராஜில் கேஸ் சிலிண்டர் அடுப்பும் கரி அடுப்பும் கூடவே கூடாது. கார்பன் மோனாக்சைடு வாசமில்லாமல் ஆளைக் கொல்லும், வீட்டு இன்சூரன்ஸும் சிக்கலாகும். உள்ளேயே பொரிப்பதென்றால் எண்ணெய் காய்வதற்கு முன்பே மேல்விசிறியைப் போடுங்கள், படுக்கையறைக் கதவுகளையும் கோட் தொங்கும் அலமாரியையும் சாத்துங்கள். கோட்டில் ஏறிய கருவாட்டு வாசம் ஆபீஸ்வரை கூட வரும். எண்ணெயில் ஊறிய தூயோ பாட்டிலிலும் கிடைக்கிறது. சூடு காட்டினால் போதும்.

சோறு விஷயத்தில் இரண்டு வார்த்தை. அவர்கள் குக்கரில் எந்நேரமும் சோறு இருக்கும், மல்லிகை அரிசி, கொஞ்சம் ஒட்டும். புழுங்கலரிசிதான் இறங்கும் என்பவர்கள் தனிக் குக்கர் வாங்குங்கள், சின்னது போதும். மிஞ்சிய சோற்றைக் காலையில் பூண்டு போட்டு வறுத்து, முட்டையோடு சாப்பிடுவார்கள், எறிவதே இல்லை. நீங்கள் பழைய சோற்றுக்குத் தண்ணீர் ஊற்றி வைக்கிற ஆள் என்றால் முன்கூட்டியே சொல்லி வையுங்கள். பாத்திரம் ஊறப்போட்டிருப்பதாக நினைத்து நல்ல மனதோடு கழுவிக் கவிழ்த்துவிடுவார்கள்.

வீட்டுக்காரம்மாவைப் பெயர் சொல்லிக் கூப்பிட வேண்டாம். உங்களைவிடக் கொஞ்சம் மூத்தவர் என்றால் ஆத்தே, அவர் கணவர் குயா. அம்மா அப்பா வயதென்றால் தீத்தா, தீத்தோ. நம் அக்கா, அண்ணன், அத்தை, மாமா கணக்குத்தான். சாப்பிடும்போது யார் எதிரே வந்தாலும் "சாப்பிட வா" என்பார்கள். ஒவ்வொரு முறையும் உட்கார வேண்டியதில்லை, "இப்போதுதான் சாப்பிட்டேன்" என்று சிரித்தால் போதும். விசேஷத்துக்குக் கூப்பிட்டால் போங்கள், போகும்போது இனிப்பு ஏதாவது எடுத்துப்போங்கள். கிளம்பும்போது மிச்சத்தைக் கட்டிக் கொடுப்பார்கள், வாங்காமல் வந்தால்தான் மனசு வருத்தப்படும். மேஜையில் கரண்டி வலது கையில், முள்கரண்டி இடது கையில். கையால் சாப்பிடுவதும் அவர்களிடம் உள்ள வழக்கம்தான், நீங்கள் கூச்சப்பட வேண்டாம். பிறந்தநாளில் பான்சித் நூடுல்ஸ் வரும், நீண்ட ஆயுளுக்கென்று. அதை நறுக்க மாட்டார்கள்.

டிசம்பரில் குடிவரப் போகிறவர்களுக்குக் கடைசியாக: 16ம் தேதியிலிருந்து 24 வரை கிறிஸ்துமஸுக்கு முந்தைய ஒன்பது நாள் பூசை. 24ம் தேதி நள்ளிரவில் நோச்சே புவேனா விருந்து. அன்று காலையிலிருந்தே அடுப்பு நாலும் ஓவனும் ஃபிரிட்ஜும் அவர்களுக்கு, உறவுக்காரர்கள் வேறு தட்டோடு வந்து நிற்பார்கள். உங்கள் சமையலை 23ம் தேதி இரவே முடித்து டப்பாவில் போட்டு வையுங்கள். பெரும்பாலும் அதைத் திறக்கவே விட மாட்டார்கள்.