ஆன்லைனில் வாங்கிய வைடூரியம், எங்கே சோதிப்பது?

அம்மாவின் மோதிரத்துக்கு ஆன்லைனில் ஒரு வைடூரியம் வாங்கினேன். இதுதான் முதல் கல். 3.2 காரட், தேன் கலந்த பச்சை. விற்கும்போது கிரைசோபெரில் (அசல் வைடூரியத்தின் கனிமம்) என்றார்கள். கூட வந்த கார்டில் வெறும் 'கேட்ஸ் ஐ' (பூனைக்கண்), லேப் பெயரே இல்லை. கேட்டால், "ரெண்டும் ஒன்னுதான் சார்." குவார்ட்ஸிலும் கேட்ஸ் ஐ உண்டு, அதை அனுப்பி ஏமாற்றிவிட்டார்களோ என்று சந்தேகம்.

லென்ஸில் பக்கவாட்டில் பார்த்தேன். தேன்கூட்டுக் கட்டம் இல்லை, எனவே போலியாகச் செய்கிற ஃபைபர் கண்ணாடியாக இருக்காது. டார்ச்சைச் சாய்த்து அடித்தால் நல்ல வைடூரியத்தில் நடுவே ஓடும் ஒளிக்கோட்டுக்கு ஒரு பக்கம் பால் நிறமும் மறுபக்கம் தேன் நிறமும் பிரியும். இதில் லேசாகத்தான் தெரிகிறது. சரி, தண்ணீரில் எடை போட்டு அடர்த்தி பார்க்கலாம் என்றால் (கிரைசோபெரில் 3.7, குவார்ட்ஸ் 2.65) கல்லே 0.64 கிராம்தான். வீட்டுத் தராசு 0.1 கிராமுக்குக் கீழே காட்டாது.

இருப்பது கேரள எல்லையில், களியக்காவிளை. மார்த்தாண்டம் நகைக்கடைகளில் தங்கம் மட்டும்தான் பார்க்கிறார்கள். அப்புறம் நெய்யாற்றின்கரையில் கேட்டால், "கல்லு நோக்காறில்ல." திருவனந்தபுரம் பக்கத்து மண்ணிலேயே கிடைக்கிற கல் இது, வேடிக்கைதான்.

திருப்பி அனுப்ப வெள்ளிக்கிழமை வரைதான் டைம். நாகர்கோவிலிலோ திருவனந்தபுரத்திலோ ரிஃப்ராக்டோமீட்டர் (கல்லின் ஒளிவிலகலை அளக்கும் கருவி) வைத்து ஒற்றைக் கல்லையும் சோதித்து எழுதித் தருகிற லேப் எது?