பூட்டிய வீட்டில் எத்தனை பேர் என்று எழுதுவது?

பஸ் எட்டாத ஊர்களைப் பற்றி ஆளுக்கு ஒன்று சொல்லி வருகிறீர்கள். என்னுடையது 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் நடந்தது.

அப்போது கல்வராயன் மலையில் ஆசிரியர் வேலை. கணக்கெடுக்கும் பொறுப்பும் எங்கள் தலையில்தான் வரும். கள்ளக்குறிச்சியிலிருந்து கச்சிராயபாளையம் வழியாக வெள்ளிமலைக்கு பஸ் உண்டு. எனக்குக் கொடுத்த சிற்றூருக்கு அந்த பஸ்ஸை விட்டு இறங்கி, ஓடையைத் தாண்டி நடக்க வேண்டும். ஊரின் பெயர் வேண்டாம். உடம்புக்கு முடியாதவர்களை டோலி கட்டித்தான் பஸ் பாதைக்குத் தூக்கி வருவார்கள்.

பிப்ரவரி 9 முதல் 28 வரை எழுத வேண்டும். படிவத்தில் 29 கேள்விகள். அதெல்லாம் சிரமமே இல்லை. சிரமப்படுத்தியது பூட்டு. ஒரு தெருவில் பாதி வீடுகள் பூட்டிக் கிடந்தன. மிளகு பறிக்கக் கேரளாவுக்கும், காப்பி பறிக்கக் குடகுக்கும் குடும்பத்தோடு போய்விட்டார்கள். சாமை அறுப்பு முடிந்தால் மலையில் கூலிக்கு வேறு என்ன வழி?

திண்ணையில் ஒரு பெரியவர் இருந்தார். போனவர்கள் சாவியை அவரிடம்தான் கொடுத்துவிட்டுப் போவார்களாம். இடுப்புக் கயிற்றில் கோத்து வைத்திருந்த சாவிகளை ஒவ்வொன்றாகத் தள்ளிச் சொல்ல ஆரம்பித்தார்: "இது சின்னவன் வீடு. புருசன் பொண்டாட்டி, மூணு புள்ளைங்க. எழுதிக்க வாத்தியாரே."

எழுத முடியாது. அந்த இருபது நாளும் ஊரில் இல்லாதவரை, அவர் அப்போது தங்கியிருக்கும் இடத்தில்தான் எழுத வேண்டும். விதி அப்படி. சொன்னேன்.

"அங்க எழுதினா ரோடும் அங்கதான போடுவாங்க?" என்றார்.

அவர் கேட்டதில் ஒரு பிழையும் இல்லை. 2000 டிசம்பரில் தொடங்கிய பிரதமர் கிராமச் சாலைத் திட்டத்தில், எந்தக் குடியிருப்புக்குச் சாலை என்பதைத் தலைக்கணக்குதான் முடிவு செய்கிறது. சமவெளியில் குறைந்தது 500 பேர் இருக்க வேண்டும். மலை மாநிலங்களுக்கும் அரசியலமைப்பின் ஐந்தாம் அட்டவணையில் வரும் பழங்குடிப் பகுதிகளுக்கும் 250 போதும். தமிழ்நாட்டில் ஐந்தாம் அட்டவணைப் பகுதி ஒன்றுகூட இல்லை. ஆகவே மலையாளி என்னும் பழங்குடியினர் (கேரளத்தவர் அல்ல) வாழும் மலையாக இருந்தாலும் இந்த 250 சலுகை தானாக வந்து சேராது. 1976 வரை ஜாகீர்தார்கள் என்ற பரம்பரை நிலக்கிழார்கள் கையில் இருந்த மலை இது. சாலை விஷயத்தில் ஏற்கெனவே பின்தங்கித்தான் தொடங்கியது. இதில் தை மாசி மாதத்தில் தலை எண்ணினால் எப்படி 500 தேறும்? பிழைப்பு இல்லாததால் ஊரை விட்டுப் போகிறார்கள், போனதால் எண்ணிக்கை குறைகிறது, குறைந்ததால் சாலை வரவில்லை, சாலை இல்லாததால் விளைந்த மரவள்ளியைக்கூட விலைக்குக் கொண்டுபோக முடியவில்லை. எனக்கு இன்றும் ஆறாத விஷயம் இதுதான்.

மார்ச் 1 முதல் 5 வரை மறுசுற்று இருந்தது. அதற்குள் திரும்பி வந்த, வேறெங்கும் எழுதப்படாத சில குடும்பங்களைச் சேர்த்தேன். பெரியவர் கூடவே வந்து, "இவன் வந்துட்டான், இவன் பேரையும் போடு" என்று வாசல் வாசலாகக் காட்டினார். அப்படியும் பல சாவிகள் அவர் இடுப்பிலேயே இருந்தன.

அந்தச் சாலைத் திட்டத்தின் நான்காம் கட்டத்துக்கு 2024இல் ஒப்புதல் கொடுத்தார்கள். அதுவும் 2011 எண்ணிக்கையை வைத்துத்தான். அடுத்த கணக்கெடுப்புக்கு அறிவித்திருக்கும் தேதி 2027 மார்ச் 1. அதாவது மறுபடியும் மிளகுப் பருவம்.

உங்களில் யாராவது மலைப்பகுதிக்குக் கணக்கெடுக்கப் போனால் மறுசுற்றை ஒப்புக்குச் செய்யாதீர்கள். பூட்டிய வீடுகளுக்கு இன்னொரு முறை போய்ப் பாருங்கள். ஊர்க்காரர்களுக்கும் ஒன்று: ரேஷன் அட்டையில் உள்ள பெயர்களையெல்லாம் எண்ணி, கிராம சபையில் தீர்மானமாகப் போட்டு, சாலை மனுவோடு சேர்த்துக் கொடுங்கள். அருகருகே இருக்கும் குடியிருப்புகளை ஒன்றாகச் சேர்த்து எண்ணவும் அந்தத் திட்டத்தில் இடம் உண்டு. சமவெளி என்றால் 500 மீட்டருக்குள் இருக்க வேண்டும். பக்கத்து ஊரோடு பேசி இரண்டு ஊருக்கும் ஒரே மனுவாகவே எழுதலாம்.