விமான நிலைய மெட்ரோவில் விட்டுப்போன கொட்டான்

காரைக்குடி:
மூன்று ஆண்டுகளாகியும் மனம் ஆறவில்லை. சிங்கப்பூரில் பிறந்த கொள்ளுப்பேரனைப் பார்க்கப் புறப்பட்ட அப்பத்தாவுக்கு மண்ணுக்குள் ஓடும் ரயிலைக் காட்ட ஆசைப்பட்டு, பல்லவன் விரைவு ரயிலில் சென்னை எழும்பூர் வரை வந்து மெட்ரோ ஏறினோம். திருமங்கலம் தாண்டி ரயில் வெளிச்சத்துக்கு ஏறியபோது கண் கூசியபடி சிரித்தார். ஆலந்தூரில் வண்டி மாறி, தூண்களின் மேல் உயரத்தில் நிற்கும் விமான நிலையம் என்ற கடைசி நிலையத்தில் இறங்கினோம். பெட்டிகளை எண்ணிய நான், மனகோலம், மாவுருண்டைப் பலகாரங்கள் வைத்திருந்த கொட்டானை, அந்த ஓலைக்கூடையை, எண்ணவில்லை. கதவு மூடிய பிறகுதான் அப்பத்தாவின் வெறுங்கையைப் பார்த்தேன். கொட்டானின் பிடி அழுத்திய சிவந்த கோடு விரல்களில் அப்படியே இருந்தது. கடைசி நிலையமாயிற்றே, ரயில் அங்கேயே நிற்கும் என்றிருந்தேன். அது புதிய பயணிகளோடு தடத்தின் மறுமுனையான விம்கோ நகர்ப் பக்கம் திரும்பிவிட்டது. “போகட்டும் அப்பு, நேரமாச்சு” என்றார்.

தேவகோட்டை:
தம்பி, பல்லவனில் வந்தவர்கள் தாம்பரத்திலேயே இறங்கி, மின்சார ரயிலில் திரிசூலம் வந்திருக்கலாம். விமான நிலையம் எதிரிலேயே இருக்கிறது. எழும்பூர் போய், கோயம்பேடு சுற்றித் திரும்பியது வீண் அலைச்சல். கடைசி நிலையத்தில் ஓட்டுநர் மறுமுனை அறைக்கு மாறியதும் அதே நான்கு பெட்டிகளும் எதிர்த்திசையில் கிளம்பிவிடும். ஆகவே பொருளை விட்டவர், ரயில் கிளம்பிய நேரம், எத்தனையாவது பெட்டி, எந்தப் பக்க இருக்கை ஆகியவற்றை நிலைய அலுவலரிடம் அப்போதே சொல்ல வேண்டும். அடுத்துள்ள மீனம்பாக்கத்திலேயே எடுத்துவைக்க வாய்ப்புண்டு. 2016 செப்டம்பரில் அந்தத் தடம் திறந்த புதிதில் நான் விட்ட குடை அப்படித்தான் கிடைத்தது.

கானாடுகாத்தான்:
தேவகோட்டை ஐயா சொல்வது தூரக் கணக்கில் சரி. ஆனால் திரிசூலத்தில் மூட்டை முடிச்சுகளோடு சுரங்கப்பாதைப் படிகளில் இறங்கி ஏறிய என் ஆத்தா, பாதிப் படியில் உட்கார்ந்து “நான் வரல, ஊருக்கே கூட்டிட்டுப் போ” என்று அழுததை நான் மறக்கவில்லை. முதியவர்களுக்கு மின்தூக்கி உள்ள மெட்ரோவே ஏற்றது.

காரைக்குடி:
ஐயா, அலுவலரிடம் நான் சொல்லவே இல்லை. விமானத்துக்கு நேரம் நெருங்கிவிட்டது. பலகாரம்தானே என்றும் எண்ணிவிட்டேன். அந்தக் கொட்டான் அப்பத்தா தாமே ஓலைக்குச் சாயமேற்றி முடைந்தது என்பதைச் சிங்கப்பூர் போய்ச் சேர்ந்த பிறகு அத்தைதான் சொன்னார்.