நிழல்கோல் திட்டம்: ஒரே முற்றத்தில் நான்கு பாடம் நடக்குமா?

தென்வாசல்:
ஒன்பதாம் வகுப்புக்கு ‘நிழல்’ என்ற பொருளில் இரண்டு வாரத் திட்டம் ஒன்றை முன்வைக்கிறேன். மையம் மார்ச் 21. அன்று சூரியன் பூமத்திய ரேகைக்கு நேர் மேலே இருப்பதால், உச்சிவேளையில் (சூரியன் மிக உயரத்தில் நிற்கும் நேரம்) கோலுக்கும் வெயில் கதிருக்கும் இடையிலான கோணம்தான் அந்த ஊரின் அட்சரேகை. ஒரு மீட்டர் கோலுக்குச் சென்னையில் 23.2 செ.மீ., கன்னியாகுமரியில் 14.2 செ.மீ. நிழல் விழும். இரு ஊர்ப் பள்ளிகளும் அளவைப் பரிமாறிக்கொண்டால் வித்தியாசம் 5 டிகிரி. வடக்கு–தெற்குத் தூரம் சுமார் 555 கி.மீ.; அதை 72ஆல் (360 ÷ 5) பெருக்கினால் பூமியின் சுற்றளவு. கணக்கு, அறிவியல், புவியியல், தமிழ் நான்கையும் முற்றத்திலேயே நடத்தலாம்.

கரும்பலகை:
ஒப்புக்கொள்ள முடியவில்லை சார். நாற்பது பேரில் நான்கு பேர் கோல் பிடிப்பார்கள், மற்றவர்கள் வெயிலில் நிற்பார்கள். அதைவிட மோசம், “12 மணிக்கு அளங்கள்” என்று இரு பள்ளிக்கும் சொல்லிவிடுவார்கள். அன்று உச்சிவேளை சென்னையில் 12:16, கன்னியாகுமரியில் 12:27. 12 மணிக்கே அளந்தால் 24.3, 18.6 செ.மீ. வரும். வித்தியாசம் 3.1 டிகிரியாகச் சுருங்கும், சுற்றளவு சுமார் 64,000 கி.மீ. ஆகிவிடும். பிள்ளைகள் அதை அடித்துவிட்டு, புத்தகத்தில் உள்ள 40,000ஐ எழுதிக் கொடுத்துவிடுவார்கள்.

தென்வாசல்:
சரியான எச்சரிக்கை. கடிகாரமே வேண்டாம். 11:15க்கு நிழல் நுனி இருக்கும் தூரத்தில், கோலடியை மையமாக வைத்து நூலும் சாக்பீஸும் கொண்டு வட்டம் போட வேண்டும். ஐந்து நிமிடத்துக்கு ஒரு புள்ளி. மதிய இடைவேளையில் நுனி மறுபடி வட்டத்தைத் தொடும். தொட்ட இரு இடங்களையும் இணைத்து, அந்தக் கோட்டின் நடுவையும் கோலடியையும் சேர்த்தால் தென்வடல் கோடு. புள்ளிகளின் பாதையை அது வெட்டும் இடம்தான் உச்சிவேளை நிழல். எட்டுக் குழு, எட்டுக் கோல். குழுவுக்கு ஐந்து பேர், முறை வைத்து ஒருவர் மட்டும் வெயிலில்.

ரசமட்டம்:
கருவி பற்றி யாரும் பேசவில்லையே. சூரியன் அரை டிகிரி அகலம், அதனால் ஒரு மீட்டர் கோலின் நுனி நிழல் ஒரு செ.மீ. அளவுக்கு மங்கும். மார்ச்சில் அதுவே அரை டிகிரிக்கு மேல். பிவிசி பைப்பின் தலையில் அட்டை ஒட்டி 3 மி.மீ. துளை போடுங்கள். தரையில் விழும் ஒளிவட்டத்தின் நடுவைக் குறியுங்கள். துளை தரையிலிருந்து சரியாக 100 செ.மீ. இருக்கட்டும். துளையிலிருந்து தூக்குக்குண்டு இறக்கி, அது தொடும் புள்ளியையே கோலடியாகக் கொள்ளுங்கள், பைப் ஓரத்தை அல்ல. முற்றத்தில் தண்ணீர் ஓட மீட்டருக்கு ஒரு செ.மீ. வாட்டம் இருக்கும், மூலைமட்டம் வைத்துத் தரைக்குச் செங்குத்தாக நட்டால் அதிலேயே அரை டிகிரி போய்விடும்.

கரும்பலகை:
குழு, கருவி இரண்டும் சரி. தமிழை எதற்கு இழுக்கிறீர்கள்? நிழல் பற்றிக் கவிதை எழுதச் சொல்வதுதானே வழக்கம்? அது ஒட்டுவேலை, அளவுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

தென்வாசல்:
கவிதை வேண்டாம். சங்க நூலான நெடுநல்வாடையில் அரண்மனைக்கு மனை வகுக்கும் பகுதியை எடுங்கள். நிழல் எப்பக்கமும் சாயாத நண்பகலில் இரு கோல் நட்டு, நூலறிந்தவர்கள் கயிறு பிடித்துத் திசை குறிக்கிறார்கள். முற்றத்தில் கயிறு பிடித்த பிள்ளைக்கு அந்த வரிகளுக்கு உரை தேவைப்படாது.

கரும்பலகை:
அதை ஏற்கிறேன். ஆனால் நிழல் நீளத்தைக் கோல் உயரத்தால் வகுத்துக் கோணம் காண உதவும் டேன்ஜென்ட்டை முற்றத்தில் அறிமுகப்படுத்தக் கூடாது. வகுப்பில் பத்துக் கணக்காவது போட்டபின் வெளியே போகட்டும். தேதியும் மாற வேண்டும்: மார்ச்சில் போர்ஷன் முடிக்கும் அவசரம், சூரியன் மறுபடி பூமத்திய ரேகைக்கு நேர் மேலே வரும் செப்டம்பர் 23 காலாண்டுத் தேர்வுச் சமயம். ஜனவரி 21 வாக்கில் வையுங்கள். சூரியன் தெற்கே 20 டிகிரியில் இருக்கும். சென்னையில் 65, கன்னியாகுமரியில் 53 செ.மீ. வரும். கோண வித்தியாசம் அதே 5தான், அளவில் 12 செ.மீ. இடைவெளி கிடைக்கும். அட்சரேகை வேண்டுமென்றால் சென்னையில் வந்த 33 டிகிரியிலிருந்து 20ஐக் கழிக்கணும், அதற்கு முதல் நாளே புவியியல் ஆசிரியர் ஒரு பீரியட் எடுத்தாக வேண்டும்.