மறு: ‘ப்ளீட்’டுக்குத் தமிழில் கசிவா, வெட்டுமிகையா?

நண்பர்களுக்கு வணக்கம்.

> வடிவமைப்பு மாணவர்களுக்கான கையேட்டில் ‘ப்ளீட்’ என்பதைக் ‘கசிவு’ என்றே போட்டுவிடலாமா? நேர்ப்பொருள் அதுதானே?

வேண்டாம் என்றுதான் சொல்வேன். கசிவு என்று அச்சில் ஏற்கெனவே ஒன்று இருக்கிறது. மட்டமான தாளில் மை எழுத்தைத் தாண்டி இழை இழையாகப் பரவுகிறதே, மார்க்கரால் தீட்டினால் பின்பக்கம் தெரிகிறதே, அது கசிவு. தானாக நேர்வது, நாம் தடுக்கப் பார்ப்பது. இப்போது பேசும் ப்ளீட்டோ, பக்கத்தின் நிறத்தையும் படத்தையும் தாளை வெட்டும் கோட்டுக்கு அப்பாலும் சற்று நீட்டி வடிவமைப்பவர் தெரிந்தே விடுவது. ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ஒரே சொல். தமிழிலும் அப்படியே ஆக்கிவிட்டால், ‘பக்கத்தில் கசிவு இருக்கிறது’ என்று அச்சிடுபவர் சொல்லும்போது அது பாராட்டா, புகாரா என்று மாணவர் விழிப்பார்.

இதில் எனக்கு இவ்வளவு அக்கறை வரக் காரணம் உண்டு. படிக்கிற காலத்தில் என் செயல்திட்டத்துக்கு ஏ3 அளவில், கிடைமட்டமாக ஓர் ஆவணம் தயாரித்தேன். எல்லாப் பக்கத்துக்கும் அடர்நீலப் பின்னணி. திரையில் பார்க்க அவ்வளவு அழகு. பக்கம் 420 × 297 மி.மீ.; நீலத்தையும் மிகச்சரியாக அந்த எல்லையிலேயே நிறுத்தியிருந்தேன். அச்சாகி வெட்டி வந்ததைப் புரட்டினால், வலது ஓரம் முழுக்க முடி அகலத்துக்கு ஒரு வெள்ளைக் கோடு. சில பக்கங்களில் அது மேலே பருத்துக் கீழே மெலிந்து சாய்வாக ஓடியது. மறைக்கலாம் என்று இன்னொரு 2 மி.மீ. வெட்டச் சொன்னேன். ஓரத்தை ஒட்டி வைத்திருந்த பக்க எண்களில் பாதி போய்விட்டது.

வெட்டியவர் மேல் தவறில்லை. தாளைக் கட்டாக வைத்து வெட்டும்போது அழுத்தத்தில் அது சற்று நகரும். அச்சும் தாளுக்குத் தாள் மயிரிழை விலகும். அந்த விலகலை விழுங்கிக்கொள்ளத்தான் நிறத்தை வெட்டுக்கோட்டுக்கு அப்பாலும், வழக்கமாக 3 மி.மீ., நீட்டுகிறோம். அப்போது கோப்பின் அளவு 426 × 303 ஆகிவிடும். அதை 450 × 320 மி.மீ. உள்ள எஸ்ஆர்ஏ3 தாளில் அச்சிட்டு, பிறகு ஏ3 அளவுக்கு வெட்டுவார்கள்.

சரி, சொல்லுக்கு வருகிறேன். ‘ப்ளீட் விட்டிருக்கீங்களா?’ என்றுதான் வேலை செய்பவர்கள் கேட்கிறார்கள். பெயர்ச்சொல்லைக் கடன் வாங்கினாலும் வினை தமிழாகவே நிற்கிறது, கவனித்தீர்களா? ஓரம் விடு, வரி விடு, தையலுக்குத் துணி விடு. சட்டை தைப்பவர் அளவை விடக் கூடுதலாக விட்டு வெட்டுவதும் இதுவும் ஒரே அறிவு. ஆகவே ‘விடு’வோடு இயல்பாகச் சேரும் பெயர் வேண்டும். என் பரிந்துரை ‘வெட்டுமிகை’: வெட்டுக்காக விடப்படும் மிகை. ‘நான்கு பக்கமும் 3 மி.மீ. வெட்டுமிகை விடவும்’ என்று எழுதிப் பாருங்கள். முன்பின் கேள்விப்படாத மாணவருக்கும் என்ன செய்ய வேண்டும், எதற்காகச் செய்ய வேண்டும் என்பது அந்த ஒரு வரியிலேயே கிடைத்துவிடும்.

> மிகை என்றாலே மிகைநடிப்பு, மிகைப்படுத்தல் என்றுதான் தோன்றுகிறது. குறை சொல்வது போல இல்லையா?

மிகைநடிப்பில் குறை, உண்மைதான். ஆனால் வல்லினம் மிகும் இடத்தில் மிகுவதுதான் சரி. அங்கே மிகாவிட்டால்தான் பிழை. ‘பிறப்பறுக்கல் உற்றார்க்கு உடம்பும் மிகை’ என்று குறள் (345) சொல்கிறதே, அங்கே மிகை என்பது தேவைக்கு மேற்பட்டது, விட்டுவிட வேண்டியது. அறுப்பும் மிகையும் ஒரே குறளில் வருவதைப் பார்த்ததும் எனக்கு இந்தச் சொல்லின் மேல் நம்பிக்கை வந்துவிட்டது. நம் மிகையும் வெட்டி எறியத்தானே விடப்படுகிறது. ‘உபரி’யும் யோசித்தேன். ஆனால் அது மிஞ்சிப்போனது, இது திட்டமிட்டது.

அப்புறம், ‘ஃபுல் ப்ளீட்’. இதை ‘முழு வெட்டுமிகை’ என்று பெயர்த்தால் கெட்டுவிடும். மிகை என்பது அளவு, இதுவோ தோற்றம். படம் ஓரமே இல்லாமல் பக்கத்தின் நான்கு விளிம்பையும் தொட்டு நிற்பது. வானளாவிய கட்டடம் என்கிறோம் அல்லவா? அதே வழியில் ‘விளிம்பளாவிய படம்’, ‘விளிம்பளாவிய பக்கம்’ எனலாம். ஆங்கிலத்தில் இல்லாத ஒரு தெளிவு இங்கே நமக்குக் கிடைக்கிறது: விளிம்பளாவிய படம் வேண்டுமானால் வெட்டுமிகை விட வேண்டும்.

இந்த வேறுபாடு கையேட்டுக்கு அவசியம் என்று நினைக்கிறேன். ஆவணம் தனித்துத் தெரிய வேண்டும் என்று மாணவர்கள் எழுத்துருவையும் அட்டையையும் தேடி அலைகிறார்கள், விளிம்பை மறந்துவிடுகிறார்கள். ஒரு மாணவியின் ஆவணத்தை அண்மையில் பார்த்தேன். ஆய்வு, வரைவுகள், மாதிரிகள், இறுதி வடிவம் என நான்கு பகுதி. ஒவ்வொரு பகுதியின் பக்கங்களிலும் வெளி ஓரத்தில் விரலகலப் பட்டை ஒன்று, பகுதிக்கொரு நிறத்தில், விளிம்பளாவியதாக. மூடி மேசையில் வைத்தால் தாள்களின் வெட்டு முகத்தில் காவி, பச்சை, சாம்பல், கருப்பு என்று நான்கு அடுக்கு தெரிந்தது. வரைவுகள் பகுதிதான் எல்லாவற்றையும் விடத் தடிமன். எவ்வளவு வரைந்து தள்ளியிருக்கிறார் என்பது திறக்காமலே புரிந்தது. பட்டை வெட்டுக்கோட்டோடு நின்றிருந்தால் அந்த அடுக்கு திட்டுத்திட்டாகக் கலைந்திருக்கும்.

கூட வரும் மற்றச் சொற்களில் சிக்கல் அதிகமில்லை. தாள் வெட்டுப்படும் கோடு ‘வெட்டுக்கோடு’, மூலைகளில் இடும் சிறு கோடுகள் ‘வெட்டுக்குறிகள்’. எழுத்தும் பக்க எண்ணும் வெட்டுப்படாமலிருக்க உள்ளே விடும் இடத்துக்குக் ‘காப்போரம்’ என்று எழுதியிருக்கிறேன். காப்பு என்றதும் கையில் அணிவது நினைவுக்கு வருகிறது என்று ஒருவர் தனிமடலில் சொன்னார். இதில் எனக்குப் பிடிவாதமில்லை.

ஒரு வேண்டுகோள். முதல் பதிப்பில் எல்லா இடத்திலும் ‘வெட்டுமிகை (ப்ளீட்)’ என்று சேர்த்தே போடுவோம். பீ.டி.எஃப். ஆக்கும்போது மென்பொருளில் வெட்டுமிகையையும் சேர்க்கும் பெட்டியைத் தேர்வு செய்யாவிட்டால் விட்டதெல்லாம் வீண். அந்தத் திரையில் மாணவர் தேடப்போவது பழைய பெயரைத்தான்.